அஸ்லி மாமா

போன மாதம் பெண்கள் விடுதிக்குப் புதிதாக வந்திருக்கும் வார்டன் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்தாள். சின்ன வயது, துறுதுறுவென்ற பெண். விடுதி ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றாள். பேச்சோடு பேச்சாகக் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் காட்டினாள். பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள் இனிமேல் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வர வேண்டுமாம். அட்டையில் படம் இருந்தது, பெயர் இருந்தது, அதன் கீழே உறவுமுறை இருந்தது. அவள் மாதிரிக்குக் கொண்டுவந்த அட்டையில் உறவுமுறை என்ற இடத்தில் 'மாமா' என்று போட்டிருந்தது.

“உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி ஆண்ட்டி சமாளிச்சீங்க? யாரு நெஜமான சொந்தம்னு குழப்பமே வராதா?” என்று கேட்டாள்.

குடித்துக்கொண்டிருந்த டீ எனக்குப் புரையேறிவிட்டது. குழப்பம் வராதாவாம்! அந்தக் குழப்பத்தில்தானே என் தலைமுடி நரைத்தது. சரி, அதையே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மலரில் போடுவதும் போடாததும் அவள் பாடு.

நான் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. வீட்டுக்காரருக்கு அந்தமானில், போர்ட் பிளேரில் படகு ஓட்டும் வேலை கிடைத்ததால் அறுபதுகளில் கப்பலேறி வந்தேன். எட்டாவது வரை படித்திருந்தேன் என்பதற்காக விடுதிச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளச் சேர்த்தார்கள். பிறகு மேட்ரன் ஆக்கினார்கள். பயிற்சி என்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை. பேன் பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது, அழுகிற பிள்ளையை அதட்டுவது, அதட்டிய பிள்ளையைக் கொஞ்சுவது எல்லாம் செய்து செய்தே வந்தது. இந்தியும் அப்படித்தான் வந்தது, பிள்ளைகளிடமிருந்து.

வந்த முதல் வாரமே எனக்குக் கோபம். பிள்ளைகள் எல்லாம் என்னை 'மாசி' என்று கூப்பிட்டன. எங்கள் ஊரில் மாசி என்றால் கருவாடு. பாறை மாதிரி காய்ந்து கிடக்கும், இடித்துச் சம்பல் வைப்போம். நான் அப்போது ஒல்லியாக, கறுப்பாக இருப்பேன். வேண்டுமென்றே கேலி செய்கிறார்கள் என்று நினைத்து ஒரு பெண்ணின் காதைத் திருகிவிட்டேன். மாசி என்றால் அம்மாவின் தங்கை, சின்னம்மா என்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் தீவில் உறவுச் சொற்களை நம்பக் கூடாது என்று அன்றைக்கே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

விடுதிக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் தூரத்துப் பிள்ளைகள். மாயாபந்தர் பக்கத்துக் காட்டு முகாம்கள், நெல் போட்ட குடியேற்றக் கிராமங்கள், பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுபோகிற இடங்கள். அங்கிருந்து ஜஹாஜ் பிடித்து வர வேண்டும். எங்கள் வாயில் அப்போது கப்பல் கிடையாது, ஜஹாஜ்தான். மழைக்காலத்தில் அது வரும், வராது. அப்பாவோ அம்மாவோ ஒரு தகரப் பெட்டியும் பாயுமாகப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். கேட் வரைக்கும் தைரியமாகப் பேசுவார்கள். கேட் மூடியதும் அந்த அப்பாக்கள் படுகிற பாட்டைப் பார்க்க முடியாது. வேட்டி நுனியில் மூக்கைச் சிந்திக்கொண்டு, திரும்பிப் பார்த்துப் பார்த்துப் போவார்கள். பிள்ளை மூன்றாம் நாள் சிரித்து விளையாடும். அந்த மனிதர் ஊர் போய்ச் சேர்ந்தும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரு வருடம் கழித்து அம்மா பார்க்க வருவாள். “நல்லாருக்கியாடி” என்பாள். பிள்ளை “டீக் ஹூன்” என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, “நல்லாருக்கேன்மா” என்று திருத்தும். அந்தத் தாயின் முகம் போகிற போக்கைப் பார்த்தால் இந்தப் படிப்பு வேண்டுமா, வேண்டாமா என்று எனக்கே ஒன்றும் விளங்காது. இன்று வரைக்கும் விளங்கவில்லை.

எங்களுக்கு மேலே தலைமை வார்டனாக இருந்தவர் ஒரு வங்காள அம்மாள். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மெல்லிய கரை போட்ட வெள்ளைச் சேலை, வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. பிள்ளைகளுக்கு அவர் 'படி தீதி', பெரியக்கா. எங்களுக்கும் தீதிதான். ஒரே ஒரு நாள் தவிர, அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒன்றை மறுக்கப் போகிறார் என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தாலே எதிரில் நிற்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். அவர் பேசுவது வங்காள இந்தி. நான் பேசுவது தூத்துக்குடி இந்தி. இரண்டு பேருக்கும் நடுவில் உண்மையான இந்தி எங்கே இருந்தது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். அன்றைக்கு நடக்கிற முறையை அப்படியே சொல்கிறேன், புது வார்டன் தெரிந்துகொள்ளட்டும். வந்தவர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். யாரைப் பார்க்க வந்தார் என்று நான் கேட்டு உள்ளே குரல் கொடுப்பேன். பிள்ளை வராந்தாவுக்கு வரும். தீதி வராந்தாப் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளையிடம், “வோ கோன் ஹை?” என்பார். யார் அது? பிள்ளை உறவைச் சொல்ல வேண்டும். ஆனால் தீதி பிள்ளையின் வாயைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். சொல்லி முடிப்பதற்குள் கால் ஓடத் தொடங்கிவிட்டால் கேட்டைத் திறக்கச் சொல்வார். கால் நின்றால் கேட்டும் நிற்கும். “வாய்க்கு யாரும் சொல்லிக் கொடுக்கலாம் பிலோமினா, காலுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது” என்பார்.

அன்று ஒரு நாள் முழுக்கப் பிள்ளையை வெளியே கூட்டிப் போக அப்பா, அம்மா, கூடப் பிறந்த அண்ணன், பிறகு மாமா, இவர்களுக்குத்தான் அனுமதி. பெரியப்பா, சித்தப்பாவை எல்லாம் தீதி நம்ப மாட்டார். நிலத் தகராறு பண்ணுகிறவர்கள் என்பார். மாமா என்றால் மட்டும் முகமே மலர்ந்துவிடும். “மா ஒரு தடவை சொன்னால் அம்மா. மாமா என்றால் இரண்டு அம்மா” என்று விரலைக் காட்டுவார். அவர் சின்ன வயதில் ஊரைவிட்டு ஓடிவந்தபோது தூக்கிக்கொண்டு வந்தது அவருடைய மாமாதானாம்.

செண்பகம் என்று ஒரு பிள்ளை, அவளை ஆறாவதில் சேர்த்தது அவள் மாமா தவசிதான். அவளுடைய அப்பா கருப்பையாவுக்கு மாயாபந்தர் பக்கம் காட்டு முகாமில் மரம் இழுக்கிற வேலை. ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். செண்பகத்தின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி இந்தத் தவசி. சாத்தாம் தீவு மரமில்லில் வேலை, டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் ஒரு அறையில் குடியிருப்பு. பார்வையாளர் நாள் தவறாமல் வந்துவிடுவான். மில்லில் விழுகிற படாக் மரத் துண்டுகளை இழைத்து ஏதாவது செய்து எடுத்து வருவான். பென்சில் பெட்டி, சீப்பு, பல்லாங்குழி என்று செக்கச்செவேலென்று அழகாக இருக்கும். “ஏ கழுத, எண்ணெ வச்சியா? தலையப் பாரு, காக்காக் கூடு” என்பான். அவள் படியிறங்கி ஓடிய ஓட்டத்தில் ஒரு தடவை தீதியின் குடை உடைந்தது. தீதி கோபிக்கவே இல்லை. எல்லாரிடமும் அந்தக் காலைத்தான் உதாரணம் காட்டுவார்.

ஒன்பதாவது படிக்கும்போது செண்பகம் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தாள். பெட்டியைச் சோதித்தபோது அடியில் ஒரு பட்டுச்சேலை இருந்தது. “யாருடையது இது?” என்றேன். “எனக்குத்தான் மாசி” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அடுத்த பார்வையாளர் நாள் தவசி வந்து நின்றான். நான் குரல் கொடுத்தேன். பின்னாலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு, “மாமா வந்திருக்காக, மாமா வந்திருக்காக” என்று இழுத்துப் பாடிக்கொண்டு சிரித்தன. செண்பகம் வராந்தாவுக்கு வந்தாள். “வோ கோன் ஹை?” என்றார் தீதி. “மாமா” என்றாள். கால் நகரவில்லை. கேட்டுக்கு வெளியே தவசியும் எங்கேயோ மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். 'கழுத' என்ற வார்த்தை அன்றைக்கு வரவில்லை.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தீதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு? அவன் ஏதாவது தப்பு செய்தானா?” என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். “இல்லை தீதி, ஷரம்” என்றேன். வெட்கம். “மாமாவிடம் என்ன வெட்கம்?” என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். வங்காளத்தில் மாமா என்றால் மாமா மட்டும்தான். எங்கள் தமிழில் அம்மாவின் தம்பியும் மாமா, மாமனாரும் மாமா, தாலி கட்டினவனும் மாமா. மூன்றும் ஒரே ஆளாக இருந்தாலும் இருக்கலாம். இதை நான் எந்த இந்தியில் சொல்வேன்? எங்கள் வேதக்கார, கிறிஸ்தவ வீடுகளில் தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. இருந்தாலும் அக்கம்பக்கத்தில் பார்த்து வளர்ந்தவள்தானே. நல்லது என்றும் வாயில் வரவில்லை, கெட்டது என்றும் வரவில்லை. “பெரிய பெண் ஆகிவிட்டாள் தீதி” என்று மென்று முழுங்கினேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு வேலை நாளில் தவசி கேட்டுக்கு வந்தான். தலை, புருவம் எல்லாம் மரத்தூள். செண்பகத்தைக் கூப்பிட வேண்டாம் என்றான், என்னைப் பார்க்கத்தான் வந்தானாம்.

“அக்கா, ஊர்லருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போறான். புள்ளயக் கூட்டிக்கிட்டு அடுத்த ஜஹாஜ்ல வந்துருன்னு எங்கக்கா சொல்லிவிட்டிருக்கு. தையில கல்யாணம்.”

“உனக்குத்தானே?” என்றேன்.

“எனக்குத்தான். நீங்க விடாதீங்கக்கா.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. “என்ன சொல்றே?”

“அவள விடாதீங்கன்றேன். படிப்பு முடியாம அனுப்ப மாட்டோம்னு அந்தப் பெரியம்மாவ விட்டுச் சொல்லச் சொல்லுங்க. தோள்ல தூக்கித் திரிஞ்ச புள்ளக்கா. மூக்குச் சளி தொடச்சு விட்டிருக்கேன். அவளப் போயி நான் எப்படி...” என்று நிறுத்தினான்.

“அப்படின்னா உன் அக்காகிட்டே முடியாதுன்னு சொல்லேன். ஆம்பளதானே நீ?” எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“எங்காத்தா செத்தப்புறம் எங்கக்காதான் எனக்குச் சோறு போட்டுச்சு. அது சொல்ல நான் தட்டுனதில்ல. அது கெடக்கட்டும். நான் வேணாம்னா ஊரு என்னத்தப் பேசும்? சொந்த மாமனே வேணாம்னுட்டான், புள்ளகிட்ட என்னமோ கொற இருக்குன்னு பேசும். அப்புறம் அவள எவன் கட்டுவான்? இஸ்கூல் விடலைன்னா யாருக்கும் பொல்லாப்பில்ல.”

பெண் கேட்டு வந்து கேட்டில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண்ணைக் கொடுக்காதே என்று கேட்டு நின்றவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன்மேல் கோபப்படுவதா, அவனுக்காக அழுவதா என்று தெரியாமல் “போ, போய் முகத்தைக் கழுவு” என்று அனுப்பிவிட்டேன்.

செண்பகத்தைக் கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் தேய்க்கிற சாக்கில் கேட்டேன். “உனக்கு என்னடி விருப்பம்?”

“தெரியல மாசி.”

“படிக்கணுமா?”

“படிக்கணும்.”

“அப்போ கல்யாணம் வேண்டாம்னு சொல்லலாமா?”

அவள் நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “வேணாம்னு சொன்னா மாமா வரமாட்டாரா?” என்றாள். அழவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். “கட்டிக்கிட்டாலும் மாமா வரமாட்டாருல்ல மாசி? அப்ப அவரு வேற மாதிரி ஆயிருவாருல்ல?”

எண்ணெய்க் கை தலையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்கு மாமா வேண்டும். மாமாவாகவே வேண்டும். அந்த ஒரு சின்ன ஆசையைச் சொல்ல எங்கள் பாஷையில் இடம் இல்லாமல் போயிற்றே.

தீதியிடம் போனேன். உட்காரச் சொன்னார். எனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டி, “தீதி, செண்பகத்துக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள்” என்றேன். “யாரோடு?” “மாமாவோடு.” “யாருடைய மாமா?” “அவளுடைய மாமா.” “அவளுடைய மாமா வீட்டிலா கல்யாணம்?” “இல்லை தீதி, மாமாதான் மாப்பிள்ளை.” “மாமா மாப்பிள்ளை பார்த்திருக்கிறாரா?” நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு கையையும் முடிச்சுப் போடுகிற மாதிரி காட்டி, “தவசி, செண்பகம், ஷாதி” என்றேன்.

தீதி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துடைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“சொந்த மாமாவா?”

“சொந்த மாமாதான், தீதி. எங்கள் பக்கம் அப்படி வழக்கம்...”

“இருக்கவே முடியாது” என்றார். “நீங்கள் மதராஸிகள் எல்லாரையும் மாமா என்பீர்கள், எனக்குத் தெரியும். போலீஸ்காரன் மாமா, பால்காரன் மாமா. நாங்கள்கூட நிலாவை மாமா என்கிறோம், அது அம்மாவுக்குத் தம்பியா? இவன் யாரோ ஊர்க்காரன். மாமா என்று சொல்லி என் கேட்டுக்குள் வந்துவிட்டான். மூன்று வருஷமாக நான் பெண்ணை அவனோடு அனுப்பியிருக்கிறேன்!”

“இல்லை தீதி, அவன் நல்லவன்...”

“பிலோமினா, ஒன்று அவன் மாமா, இல்லை மாப்பிள்ளை. என் கேட்டில் ஒருவன் இரண்டுமாக நிற்க முடியாது.” இப்போது கண்ணாடியைத் துடைத்தார், இரண்டு பக்கமும். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தவசி கேட்டது நடக்கப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது. அவன் கேட்ட வழியில் அல்ல.

பார்வையாளர் ஞாயிறு வந்தது. கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பேர், வராந்தாவில் பிள்ளைகள் கூட்டம். தவசி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான், கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. தீதி நாற்காலியிலிருந்து எழுந்து குடையோடு கேட் வரைக்கும் நடந்து போனார். அவர் எழுந்து போனதே அதுதான் முதல் தடவை. அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

“தும் அஸ்லி மாமா ஹோ?”

நீ உண்மையான மாமாவா? மில்லில் இருந்தவனுக்கு அந்த இந்தி நன்றாகவே புரியும். அவன் தீதியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். தீதி பின்னால் திரும்பாமலே குடையைப் பக்கவாட்டில் நீட்டி என்னை நிறுத்தினார். தவசி வராந்தாவில் நின்ற செண்பகத்தை ஒரு தடவை பார்த்தான்.

“நஹி” என்றான்.

பிறகு யாரும் கேட்காமலே அவனாக, “அஸ்லி நஹி. ஊர்க்காரன்” என்றான், பாதி இந்தி, பாதி தமிழ். மரப்பெட்டியைக் கேட் கம்பிக்கு உள்ளே தள்ளி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். இனிமேல் இந்த ஆள் கேட் பக்கம் வரக் கூடாது என்று தீதி வாட்ச்மேனிடம் சொன்னார். செண்பகம் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த மரப்பெட்டியை நான்தான் எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

அடுத்த ஜஹாஜில் கருப்பையாவே வந்து இறங்கினார். மகளை இழுத்துக்கொண்டு போவது என்ற முடிவோடுதான் வந்தார். தீதிக்குத் தமிழ் தெரியாது, கருப்பையாவுக்குத் தெரிந்தது முகாம் இந்தி, 'இழு', 'தள்ளு' அளவுக்கு. நடுவில் நான்.

“நக்லி மாமா உங்களை ஏமாற்றுகிறான் என்று சொல்” என்றார் தீதி.

“தவசி போலி மாமாவாம், அந்தம்மா சொல்லுது” என்றேன்.

“போலியா?” கருப்பையா எழுந்து நின்றுவிட்டார். “என் கல்யாணத்துல தாம்பூலத்தட்டு தூக்கிக்கிட்டு வந்தவன். எம் பொஞ்சாதி கூடப்பொறந்தவன். அவன் போலின்னா நான் யாரு?”

“தவசியே சொன்னான். எல்லார் முன்னாலும், நான் மாமா இல்ல, ஊர்க்காரன்னு சொன்னான்” என்றேன். இது நான் என் கண்ணால் பார்த்தது, ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை.

கருப்பையா மெதுவாக உட்கார்ந்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? அடி வாங்கிய மாதிரி இருந்தது. “உறவே இல்லேன்னுட்டானா? நாலு பேரு முன்னாடியா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கோபம் வந்தது. “டவுனுக்கு வந்து சம்பளம் பாத்ததும் காட்டுல மரம் இழுக்கிறவன் சொந்தமில்லன்னு ஆயிருச்சு. அவனுக்கா எம் பொண்ணு? இந்தா பாருங்கம்மா, இவ இங்கயே கெடந்து படிக்கட்டும். படிச்சு டீச்சராகி அவன் முன்னாடி குடை பிடிச்சுக்கிட்டு நடக்கட்டும். அவன் பாத்து வயிறெரியட்டும்.”

“என்ன சொல்கிறார்?” என்றார் தீதி.

“படிக்கட்டும் என்கிறார்” என்றேன்.

தீதி கை கூப்பினார். கருப்பையாவும் கூப்பினார். இரண்டு பேரும் ஒருவர் சொன்னதை ஒருவர் கொஞ்சமும் புரிந்துகொள்ளாமல் மரியாதையாகப் பிரிந்தார்கள். பெண்மேல் ஒரு சொல் விழவில்லை, முழுப் பழியும் தவசி தலையில் விழுந்தது. அவன் கணக்குப் போட்டுத்தான் அப்படிச் சொன்னானா, பயத்தில் வந்த பொய் பலித்துவிட்டதா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செண்பகத்திடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். “உனக்காகத்தான்டி அப்படிச் சொன்னான்.” அவள் அந்த மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். “அப்ப அவரு எனக்கு இப்ப யாரு மாசி?” போய்ப் படி என்றேன்.

அதற்குப் பிறகு பார்வையாளர் நாளில் அவளுக்கு யாரும் வரவில்லை. விடுதியில் அப்படி எப்போதும் சில பிள்ளைகள் இருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் பின்கட்டில்தான் இருப்பார்கள், முன்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். செண்பகம் அந்தச் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, படாக் சீப்பால் தலை சீவிவிடுவாள். வெளியே சாலையில் சரியாக அந்த நேரத்துக்கு ஒரு சைக்கிள் மணி கேட்கும். எங்கள் விடுதி இருந்தது மேட்டில். யாரானாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். அதனால் தவசிக்கு மெதுவாகப் போக ஒரு காரணம் இருந்தது. கேட் பக்கம் திரும்ப மாட்டான். மணியை மட்டும் அடித்துக்கொண்டே போவான். சைக்கிளைத் தள்ளுகிறவன் எதற்கு மணி அடிக்கிறான் என்று தீதி ஒரு தடவை கேட்டார். “பிரேக் சரியில்லை போல” என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பின்கட்டில் சீப்பு நின்று, மணி தேய்ந்து மறைந்த பிறகுதான் மறுபடி நகரும்.

கடைசி வகுப்புப் பரீட்சை முடிந்தது. பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புகிற நாள். ஒவ்வொரு பிள்ளையையும் உறவுக்காரர் வந்து கூட்டிப் போய் ஜெட்டியில் ஏற்றிவிட வேண்டும். யாரும் வராத பிள்ளைகளை நான் கூட்டிப் போவேன். கருப்பையா மாயாபந்தர் ஜெட்டியில் வந்து நிற்பதாகச் சொல்லிவிட்டிருந்தார். அதனால் செண்பகம் என் கணக்கில் இருந்தாள். பெட்டியோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். தீதி படியில் நாற்காலி போட்டிருந்தார்.

சைக்கிள் மணி கேட்டது. ஆனால் தேய்ந்து மறையவில்லை. கேட்டுக்கு நேர் எதிரே நின்றுவிட்டது.

தவசிதான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். சைக்கிளுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், தலையில் பூ, கையில் தூக்குவாளி. பெரார்கஞ்சில் அவன் பெண் எடுத்திருக்கிறான் என்று காதில் விழுந்திருந்தது. கேட்டுக்கு வர அனுமதி இல்லாததால் இரண்டு பேரும் சாலைக்கு அந்தப் பக்கமே நின்றார்கள்.

தீதி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு அந்த முகம் மறக்கவில்லை. செண்பகத்திடம் திரும்பினார்.

“வோ கோன் ஹை?”

“மேரா மாமா.”

“அஸ்லி?”

“அஸ்லி” என்றாள் செண்பகம்.

தீதி கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையை எடுத்தார். போச்சு, துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு பக்கம் துடைத்தார். அதற்குள் செண்பகம் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் பார்த்து, அந்தப் பெண்ணை, விடுதியே அதிரும்படி கூப்பிட்டாள்.

“அத்தே!”

அந்த ஒரு சொல்லில் எனக்கு இரண்டு வருஷத்துக் குழப்பம் சட்டென்று விலகிற்று. மாமன் பெண்டாட்டி அத்தை. அத்தை வந்துவிட்டால் மாமா மறுபடியும் மாமாதான், வேறு யாரும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

“என்ன சொல்கிறாள்?” என்றார் தீதி.

“மாமி என்கிறாள் தீதி.”

“மாமி?” தீதி ஒரு பக்கம் மட்டும் துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தார். தூக்குவாளியைப் பார்த்தார். பிறகு குனிந்து செண்பகத்தின் காலைப் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே கால் இல்லை. பெட்டியும் செருப்பும்தான் கிடந்தன. கேட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றாள், வாட்ச்மேன் தாழைத் தேடிக்கொண்டிருந்தான்.

“கோலோ, கோலோ” என்றார் தீதி, திற என்று. அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

சாலைக்கு அந்தப் பக்கம் தவசியின் குரல் கேட்டது. “ஏ கழுத, செருப்பு எங்க?”

தீதி குடை நுனியால் செருப்பு இரண்டையும் சேர்த்து வைத்தார். பிறகு, “அஸ்லி மாமா என்றால், அன்றைக்கு ஏன் நஹி என்றான்?” என்று என்னைக் கேட்டார். நான் இந்தியில் தேடினேன். தமிழில் தேடினேன். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, அந்தச் செருப்பை என்னையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.